தோற்றது யார்?

(பத்தமடையில் பெண்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிசேரியனுக்குக் காரணம் 'ஃபெயிலியர் டு புரோக்ரஸ்' என்றிருக்கும். கருப்பை வாய் முன்கூட்டியே திறந்தால் 'இன்காம்பிடென்ட் செர்விக்ஸ்'. அதாவது, முன்னேறத் தவறியவள், திறனற்ற கருப்பை வாய்.

என் ஆய்வுக்காகச் சந்தித்த பாய் நெய்யும் அக்கா ஒருவர் சொன்னார்: "ஃபெயிலுன்னு எழுதியிருக்காம். ஒனக்குப் பெறத் தெரியலைன்னு மாமியாரு இன்னமும் சொல்லிக் காட்டுதாவ."

இந்த 'ஃபெயில்' எங்கிருந்து வந்தது? 1955இல் அமெரிக்க மருத்துவர் இமானுவேல் ஃபிரீட்மன், முதல் பிரசவத்துக்கு வந்த 500 பெண்களின் பேறுகாலத்தை வரைபடமாக்கினார். அதையொட்டி, கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது விரிய வேண்டும் என்ற கணக்கு நிலைத்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனமே, சில பெண்களுக்கு அந்த வேகம் நடைமுறைக்கு ஒவ்வாதது, வேகம் குறைவு என்பதற்காக மட்டும் வழக்கமாகத் தலையிடக் கூடாது என்றது. கோரை ஊற ஒருநாள் கூடுதலானால் அதைத் தோற்ற கோரை என்று இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை.

சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை. அதை நான் எதிர்க்கவில்லை. வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்பச் சொல்லவும் இல்லை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் சுமார் 64. இத்தனை பெண்களுக்கும் காரணத்தைப் புரியும்படி சொல்ல வேண்டாமா?

பிள்ளை பெற்ற உடலைத் தீட்டு என்றது சாதி. பிரசவம் பார்த்த மருத்துவச்சியையும் அதே தீட்டைச் சொல்லி இழிவுபடுத்தியது. ஆஸ்பத்திரி அந்தத் தீட்டைப் பார்ப்பதில்லை. அது பெரிய விஷயம். ஆனால் பெண்ணுடல் மேல் பழி போடும் பழக்கம் ஆங்கிலத்தில் தொடர்கிறது. 'மேடம்' என்று அழைக்கப்படுகிறவர் விளக்கம் கேட்பார். 'ஏய், இந்தா' என்று கூப்பிடப்படுகிறவர் யாரிடம் கேட்பார்?

சொற்களை மாற்ற முடியும். தானாகக் கலைந்த கருவை 'அபார்ஷன்' என்னாமல் 'மிஸ்கேரேஜ்' என்று குறிப்பிடுமாறு 1985இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் மூவர் லான்செட் இதழில் எழுதினார்கள். பிறகு அங்கே அதுவே வழக்கமானது.

நாம் கேட்பது மூன்று. சீட்டில் காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். 'தவறினாள்' என்பதற்குப் பதில் 'பிரசவம் மெதுவாக நகர்ந்தது' என்று எழுதுங்கள். பிரசவ அறையில் எல்லாப் பெண்களையும் 'நீங்க' என்று அழையுங்கள்.