விஷப்புகையும் வைத்தியமும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சு)



பயங்கரவாதத்தைச் சமாளிக்க நாடு தயாரா என்று கேட்டால் பட்டாளத்தையும் துப்பாக்கியையும் காட்டுவார்கள். நான் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்கிறேன்.

1995 மார்ச் 20. ஜப்பான் தலைநகர் டோக்கியோ. காலை எட்டு மணி. ஜனங்கள் வேலைக்கு ஓடும் நேரம். ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கும்பலின் ஆட்கள் ஐந்து சுரங்க ரயில்களில் சாரின் என்னும் விஷத் திரவப் பைகளைக் குடை முனையால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வைத்தியத்துக்கு ஓடினார்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் மாண்டார்கள்.

கசுமிகசெக்கி நிலையத்தில் அந்தப் பையை அப்புறப்படுத்தியது யார்? ரயில்வே தொழிலாளிகள்! அது என்னவென்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. வண்டி போக வேண்டுமே என்று குனிந்தார்கள். இருவர் எழவேயில்லை.

செயின்ட் லூக் ஆஸ்பத்திரிக்கு மட்டும் அன்று 600க்கு மேற்பட்டோர் வந்தார்கள். அதன் தலைவர் டாக்டர் ஹினோஹாரா, 1945ல் அமெரிக்க விமானங்கள் டோக்கியோவைக் கொளுத்தியபோது இடமும் மருந்துமின்றி ஜனங்கள் துடித்ததைக் கண்டவர். அதனால், புதுக் கட்டடம் எழும்பியபோது நடைவழிகளிலும் தேவாலயச் சுவரிலும்கூட ஆக்ஸிஜன் குழாய் பதிக்கச் செய்திருந்தார். அன்று தேவாலயமே வார்டாயிற்று.

அங்கும் ஒரு பிசகு. வந்தவர்களின் உடையைக் களைந்து, உடம்பைக் கழுவி உள்ளே விட வேண்டும். அதற்கு ஏற்பாடில்லை. துணியிலிருந்து எழுந்த ஆவி வைத்தியம் செய்தவர்களையே தாக்கியது. பிறகு விசாரித்ததில் 472 ஊழியரில் 110 பேருக்கு உபாதை கண்டிருந்தது.

விஷம் சாரின் என்று போலீஸ் அறிவித்தபோது மணி பதினொன்று. வெளியூர் டாக்டர் ஒருவரோ டெலிவிஷனைப் பார்த்ததுமே, இது சாரினாக இருக்கும் என்று டோக்கியோ ஆஸ்பத்திரிகளுக்கு டெலிபோன் செய்தார். 1994 ஜூனில் இதே கும்பல் மட்சுமோட்டோ ஊரில் சாரினைப் பரப்பியபோது வைத்தியம் செய்த அனுபவம் அவருடையது.

மருந்து என்ன? அட்ரோபின் ஊசி, பாம் ஊசி. பூச்சிமருந்து விஷமேறிய விவசாயிக்குப் போடுகிறார்களே, அதே ஊசிகள்தான்! நம் வயல்களில் தெளிக்கும் பாஸ்பரஸ் பூச்சிமருந்துகளும் சாரினும் ஒரே வர்க்கம். கிராமத்து விஷத்துக்கான மருந்து என்பதால் பட்டணத்தில் பாம் கையிருப்பு கொஞ்சம். நகோயாவிலிருந்து அதிவேக ரயிலில் கொண்டுவந்தார்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, அடுத்த முறை தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன் நாலு பேராகத் தாலூகா ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த இரண்டு ஊசியும் எத்தனை இருக்கின்றன, ராத்திரியில் போட ஆள் உண்டா என்று கேளுங்கள்.