ஒரு வருஷம், பன்னிரண்டு ஞாயிறு: பக்கத்து ஊரைப் பார்க்க ஒரு பிளான்

போன எபிசோட்ல ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க: "லீவும் இல்ல, காசும் இல்ல, ஆனா எங்கயாவது போகணும்போல இருக்கு. என்ன பண்றது?" இன்னைக்கு நான் பேசப் போறது அதைப் பத்தித்தான். ஆனா பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை.

எனக்குச் சொந்த ஊரு சதுரங்கப்பட்டினம். கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிற ஊரு. வேலை சிறுசேரியில, தங்கறது கேளம்பாக்கத்துல ஒரு ரூம்ல. ரெண்டு வருஷம் முன்னாடி மணாலி போயிட்டு வந்தேன். அந்த போட்டோவை எல்லாம் அம்மாகிட்ட காட்டிட்டு இருந்தேன். அம்மா ஒவ்வொண்ணா பொறுமையா பார்த்தாங்க. அப்புறம் சாதாரணமா ஒண்ணு சொன்னாங்க: "நம்ம கோட்டைக்குள்ள என்னடி இருக்கு? நான் உள்ள போனதே இல்ல."

எங்க வீட்டுல இருந்து டச்சுக் கோட்டை பத்து நிமிஷ நடை. கல்யாணம் ஆகி அம்மா இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. தினமும் அந்த மதிலைத் தாண்டித்தான் கடைக்குப் போவாங்க. "ஏம்மா போகல?"ன்னு கேட்டேன். "யாரு கூட்டிட்டுப் போனாங்க?"ன்னாங்க. அதுல கோவமே இல்ல. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அம்மா வீட்டுலயே தையல் தைச்சு எங்களைப் படிக்க வெச்சவங்க. அவங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் கூட்டம் அதிகம். இப்ப அப்பா இல்ல, மிஷினும் குறைஞ்சுடுச்சு, முட்டி வலி மட்டும் கூடிடுச்சு. இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டுப் போகலாம்னா, அப்ப அவங்களால நடக்க முடியுமான்னு தெரியல.

அதனால போன வருஷம் ஒரு பிளான் போட்டேன். மாசத்துக்கு ஒரு ஞாயிறு. வீட்டுல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள போய்ச் சேருற இடம். ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிடணும். பன்னிரண்டு போட்டதுல ஒன்பது நடந்துச்சு. அதுல கத்துக்கிட்டதைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

முதல்ல காலண்டர், அப்புறம்தான் மேப்

நாம எல்லாரும் பண்ற தப்பு, எங்க போகலாம்னு முதல்ல யோசிக்கிறது. எப்ப போகலாம்னுதான் முதல்ல யோசிக்கணும். இதை நான் வேடந்தாங்கல்ல கத்துக்கிட்டேன். அதுக்கு முந்தின வருஷம் ஆகஸ்ட்ல பிரெண்ட்ஸோட பைக்ல போனோம். ஏரி காஞ்சு கிடக்கு, பறவையே இல்ல. சீசன் முடிஞ்சிருச்சுன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. யார் மேலயும் தப்பு இல்ல, நாங்கதான் விசாரிக்காம போனோம்.

வேடந்தாங்கலுக்குச் சரியான காலம் நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். வடகிழக்குப் பருவமழையில ஏரி நிரம்பினாத்தான் தண்ணிக்குள்ள நிக்கிற மரங்கள்ல பறவைகள் கூடு கட்டும். அம்மாவோட ஜனவரியில போனேன். கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம்னு மரம் முழுக்க வெள்ளையும் கறுப்புமா இருந்துச்சு. ஒரு தகவல் தெரியுமா? இந்த ஏரியைப் பறவைகளுக்காகக் காப்பாத்தணும்னு முதல்ல கேட்டது அரசாங்கம் இல்ல, ஊர் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க கேட்டதுக்கு 1798-ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயோனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தாரு. அந்த ஊர்க்காரங்க தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கிறதில்ல. அம்மா இதைக் கேட்டுட்டு, "பறவைக்காகப் பிள்ளைங்களை அடக்கி வெச்சிருக்காங்க பாரு"ன்னாங்க. ரொம்ப நேரம் பைனாகுலரை என்கிட்ட திருப்பித் தரவே இல்ல.

ஆக, காலண்டரை இப்படிப் பிரிச்சுக்கோங்க. டிசம்பர்ல இருந்து மார்ச் நடுப்பகுதி வரைக்கும் வெளியில சுத்துற இடம் எல்லாம்: வேடந்தாங்கல், கரிக்கிலி, மாமல்லபுரம், கடற்கரை. ஏப்ரல், மே, ஜூன்ல நிழல் இருக்கிற இடம் மட்டும், அதுவும் காலையில சீக்கிரம். ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் கோயில், கல்வெட்டு, கோட்டை. அக்டோபர், நவம்பர்ல எதையும் உறுதியா போடாதீங்க, மழை வரும். எனக்கு நடக்காம போன மூணு பயணத்துல ரெண்டு மழையால போச்சு. மூணாவது ஆபீஸால. அதைப் பத்தி அப்புறம்.

மே மாசம் நான் பண்ணின முட்டாள்தனம்

இதை எடிட் பண்ணாம விடச் சொல்லியிருக்கேன். மே மாசம் எனக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் கிடைச்சுது. சரி, மாமல்லபுரம்தானே, பதினஞ்சு கிலோமீட்டர்தானேன்னு காலையில நிதானமா கிளம்பினோம். பதினொன்றரைக்கு ஐந்து ரதம். மணல் கொதிக்குது. வெறும் பாறை, பெருசா நிழல் இல்ல. அம்மா எதுவும் சொல்லல, என் பின்னாடியே நடந்து வந்தாங்க. திரும்பிப் பார்த்தா யானைச் சிலை பக்கத்துல அப்படியே உக்காந்துட்டாங்க. முகம் வெளுத்துப் போச்சு. அங்க நுங்கு வித்துட்டு இருந்த ஒரு அக்காதான் ஓடி வந்து தண்ணி தெளிச்சு, நுங்கு கொடுத்து, துண்டை நனைச்சுத் தலையில போட்டுவிட்டாங்க. காசே வாங்கல.

அம்மா அப்புறமும் "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ போட்டோ எடுத்துக்கோ"ன்னுதான் சொன்னாங்க. மக்களே, பெரியவங்க முடியலன்னு சொல்ல மாட்டாங்க. நாம ஆசையா கூட்டிட்டு வந்திருக்கோம், அதைக் கெடுக்கக் கூடாதுன்னு நினைப்பாங்க. அதனால அவங்ககிட்ட "முடியுமா?"ன்னு கேக்காதீங்க. நீங்களே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை உக்கார்ற மாதிரி பிளான் பண்ணுங்க. தண்ணி, கொஞ்சம் உப்பு போட்ட மோர், குடை, இதெல்லாம் பையில இருக்கணும். டாய்லெட் எங்க இருக்குன்னு முன்னாடியே பார்த்து வைங்க. நிறைய அம்மாக்கள் வெளியில வந்தா தண்ணியே குடிக்காததுக்குக் காரணம் அதுதான்.

வெயில் காலத்துக்கு நான் சொல்றது, முட்டுக்காடு தட்சிணசித்ரா. மரம் நிறைய, உக்கார திண்ணை நிறைய. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா பழைய வீடுகளை அப்படியே கொண்டுவந்து கட்டி வெச்சிருக்காங்க. 1996-ல திறந்தது. வடநெம்மேலி முதலைப் பண்ணையும் நல்ல நிழல்தான். ராமுலஸ் விட்டேக்கர் 1976-ல ஆரம்பிச்சது. ரெண்டுக்கும் வார விடுமுறை உண்டு, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க.

இலவசமா கிடைக்கிற பெரிய நாட்கள்

சில இடங்களுக்கு ஒரு குறிப்பிட்ட நாள்ல போனாத்தான் அர்த்தம். மாசி மகம் பௌர்ணமி அன்னைக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்க. பல ஊர்கள்ல இருந்து இருளர் மக்கள் வந்து மணல்லயே குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியற்காலையில கல்யாணம் பண்ணிப்பாங்க. நாம அங்க விருந்தாளி. கேக்காம யாரையும் போட்டோ எடுக்காதீங்க. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைகள் இந்தக் கடற்கரைக்கு முட்டையிட வரும். சென்னையில மாணவர்கள் 1988-ல இருந்து ராத்திரி நடைப்பயணம் நடத்தி அந்த முட்டைகளைப் பாதுகாக்கறாங்க, பொதுமக்களும் கூட நடக்கலாம். காணும் பொங்கல் அன்னைக்கு மட்டும் மாமல்லபுரம் பக்கம் போகாதீங்க, நிக்க இடம் இருக்காது. இன்னொண்ணு, கடற்கரைக் கோயில் பக்கத்துல கடல்ல இறங்காதீங்க. இழுப்பு ஜாஸ்தி. நான் இந்தக் கடலோரத்துல வளர்ந்தவ, சொல்றேன்.

முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியும் ஒரு டே ட்ரிப்

செப்டம்பர்ல திருக்கழுக்குன்றம். எங்க ஊர்ல இருந்து செங்கல்பட்டு போற பஸ்லயே போயிடலாம். மலைக்கு ஐநூறுக்கு மேல படி. மே மாசப் பாடம் ஞாபகம் இருந்ததால அம்மாவை ஏறச் சொல்லல. அவங்க கீழ பக்தவத்சலேஸ்வரர் கோயில்ல இருந்தாங்க, நான் மட்டும் மேல போனேன். வழியில ஒருகல் மண்டபம்னு பல்லவர் காலக் குடைவரை ஒண்ணு இருக்கு. அந்தத் தூண்ல பார்த்தா டச்சுக்காரங்க பேரு! 17-ம் நூற்றாண்டுல சதுரங்கப்பட்டினத்துல இருந்த டச்சுக்காரங்க இங்க வந்து பேரைச் செதுக்கிட்டுப் போயிருக்காங்க. அதாவது எங்க ஊர்ல இருந்து அவங்களும் டே ட்ரிப் வந்திருக்காங்க. போன்ல அம்மாகிட்ட காட்டினேன். "அப்பவே கிறுக்கிட்டாங்களா? நம்ம பசங்களை மட்டும் திட்டறோமே"ன்னு சிரிச்சாங்க. நீங்க கிறுக்காதீங்க மக்களே.

உத்திரமேரூர் ஜூலையில போனோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தகச் சோழன் காலத்து, கி.பி. 919, 921-ம் வருஷத்துக் குடவோலைக் கல்வெட்டு. யார் தேர்தல்ல நிக்கலாம்னு அதுல விதி இருக்கு. வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. பொறுப்புல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவன் சொந்தக்காரங்களும் நிக்க முடியாது. அம்மா சுவத்தைத் தடவிப் பார்த்துட்டு, "இதை ஒரு காப்பி எடுத்து எல்லா ஆபீஸ்லயும் ஒட்டணும்"ன்னாங்க.

கடைசியா, கோட்டை

ஆபீஸால போன பயணம்னு சொன்னேன்ல? அது எங்க ஊர்க் கோட்டைதான். பத்து நிமிஷ நடை தூரம், அதனால எப்ப வேணா போகலாம்னு மூணு தடவை தள்ளிப் போட்டேன். பக்கத்துல இருக்கறதைத்தான் நாம கடைசியா பார்க்கறோம். டிசம்பர் கடைசி ஞாயிறு, லேப்டாப்பை மூடி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். லிஸ்ட்ல எழுதின தேதியில அது நடக்கல, அதனால ஒன்பதுல சேர்க்கல. ஆனா அதுதான் எனக்கு முக்கியமான பயணம்.

செங்கல் மதில், இடிஞ்ச கிடங்குகள். உள்ள டச்சுக்காரங்க கல்லறைகள், ஒவ்வொரு கல்லுலயும் எழுத்தும் சின்னமும் அவ்வளவு நுணுக்கமா செதுக்கியிருக்காங்க. அந்தப் பகுதி பூட்டியிருந்துச்சு, காவலாளி அண்ணன்கிட்ட கேட்டதும் திறந்துவிட்டாரு. வெளியில தெரியற இதே கடல்லதான் 1782 பிப்ரவரி 17-ம் தேதி பிரிட்டிஷ் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் சண்டை போட்டுச்சு. டச்சுக்காரங்க இந்த ஊரை வெச்சிருந்ததுக்கு ஒரு முக்கியக் காரணம் துணி. இங்க நெஞ்ச மெல்லிசான மஸ்லின் கப்பல்ல வெளிநாடு போச்சுன்னு அம்மாகிட்ட சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இங்க நெஞ்சதா? இந்த ஊர்லயா?"ன்னு கேட்டாங்க. "நெஞ்சவங்க கல்லறை எங்க இருக்கு?"ன்னும் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல.

சரி, உங்களுக்கு என்ன சொல்ல வர்றேன்னா: ஒரு பேப்பர் எடுங்க, பன்னிரண்டு மாசம் எழுதுங்க. சீசன் பார்த்து இடத்தை நிரப்புங்க. ரெண்டு மாசத்தைக் காலியா விடுங்க. ஒரு பயணத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு தொகை வெச்சுக்கோங்க. எங்களுக்கு பஸ், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து ரெண்டு பேருக்கு ஐநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்ச நாள்தான் அதிகம். முதல் மாசத்துல உங்க வீட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற இடத்தைப் போடுங்க. அப்புறம் வீட்டுல இருக்கிறவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நீங்க போகணும்னு நினைச்சு போகாத இடம் எது?"

இந்த வருஷ லிஸ்ட்டை நான் போடல, அம்மா போட்டிருக்காங்க. தையல் அளவு எழுதற நோட்டோட கடைசிப் பக்கத்துல. முதல் வரி ஆலம்பரைக் கோட்டை. மே மாசத்துக்கு நேரா ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்காங்க: "வீடு."

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே. நீங்க கேட்டு வந்த அந்த ஒரு இடத்தை எங்களுக்கும் எழுதி அனுப்புங்க.