நகராட்சிப் பணம் யாருடைய பணம்?

(தென்காசியில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத வாசகர்களும் படித்துத் தங்கள் தெருவில் விவாதிக்க வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.)



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நம் முஹல்லாப் பள்ளிவாசலில் ஆண்டுக்கு ஒரு முறை ஜமாஅத் கணக்கு வாசிக்கிறார்கள். சந்தா இவ்வளவு, கடை வாடகை இவ்வளவு, வெள்ளையடித்த செலவு இவ்வளவு என்று படிக்கிறார்கள். நூறு ரூபாய் இடித்தாலும் எழுந்து நின்று கேட்கிறோம். பக்கத்துத் தெருவில் கோயில் கொடை முடிந்தால் வரவு செலவை நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். அங்கும் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது.

நூறு ரூபாய்ச் சந்தாவுக்குக் கணக்குக் கேட்கும் நாம், ஆயிரக்கணக்கில் வரி கட்டுகிற நகராட்சியிடம் என்றைக்காவது கணக்குக் கேட்டிருக்கிறோமா?

கேட்டதில்லை. நாம் கொடுப்பதெல்லாம் மனுதான். "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை", "எங்கள் வீட்டு முன்னால் சாக்கடை நிற்கிறது" என்று மனு எழுதி, கவுன்சிலர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்கிறோம். விளக்கு எரிந்தால் அவருக்கு நன்றி சொல்கிறோம். எரியாவிட்டால் அடுத்த தேர்தல் வரை முணுமுணுக்கிறோம். எந்த அதிகாரியையும், எந்தக் கவுன்சிலரையும் குற்றம் சாட்ட நான் வரவில்லை. குறை நம்மிடமும் இருக்கிறது என்று சொல்லவே வந்தேன்.

மனு என்பது ஒருவர் தனக்காகக் கேட்கும் சலுகை. கொள்கை என்பது எல்லாருக்கும் பொருந்தும் ஒழுங்கு. "என் தெருவுக்கு விளக்குப் போடுங்கள்" என்பது மனு. "33 வார்டுகளிலும் எரியாத விளக்கை எத்தனை நாளுக்குள் மாற்றுவது என்று தீர்மானம் போடுங்கள், அதற்கான பணத்தை முதலில் ஒதுக்குங்கள்" என்பது கொள்கை. மனுவை மறுக்கலாம். ஊரே சேர்ந்து எழுதிய கொள்கையை அவ்வளவு எளிதாக மறுக்க முடியாது!

சட்டம் நம் பக்கம்

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1992-இல் நிறைவேறி, 1993 ஜூன் 1-இல் அமலுக்கு வந்தது. அதன் 12-வது அட்டவணையில் உள்ளாட்சிக்கு உரிய 18 பணிகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. குடிநீர், சுகாதாரம், சாலை, தெருவிளக்கு, குடிசைப் பகுதி மேம்பாடு, அடக்கத்தலங்கள் எல்லாம் அதில் உண்டு.

ஆனால் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் நகர்மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல்! ஐந்தாண்டுக்கும் மேலாக நகரங்களைத் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிறந்தபோது, அதன் தலைநகரில் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. அந்த ஆண்டுகளில் நாம் வரி கட்டாமல் இருந்தோமா? கட்டினோம். கணக்குக் கேட்டோமா? இல்லை. நமக்கு வலிக்கவே இல்லை என்பதுதான் வேதனை.

2022-இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் தமிழக அரசு விதிகள் வகுத்தது. கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்து மக்களும் தங்கள் பகுதியில் கூடிப் பேச வழி பிறந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பல ஊர்களில் இந்தச் சபைகள் கூடின. இந்தக் கதவு நாம் தட்டாமலே திறந்தது. உள்ளே போவதற்குத்தான் நமக்கு நேரமில்லை!

பணம் வரும் வழி

நகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒன்று, நாம் நேரடியாகக் கொடுப்பது. சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், நகராட்சிக் கடைகளின் வாடகை ஆகியவை இதில் சேரும். சொத்து வரி 2022 ஏப்ரலில் உயர்த்தப்பட்டதை உங்கள் சட்டைப்பை மறந்திருக்காது. இரண்டு, மாநில நிதிக்குழுவின் பரிந்துரைப்படி அரசு தரும் பங்கு. மூன்று, மத்திய நிதிக்குழு மானியம்.

மூன்றாவதைக் கவனியுங்கள். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் நம்மைப் போன்ற ஊர்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டி வைத்தது. நம் கவுன்சிலர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவன் கேட்க மாட்டான். கேட்காதவனுக்குக் கிடைக்காது.

இந்த மூன்று வழியிலும் வருவது மக்கள் பணமே. அரசு தரும் பங்கும், தீப்பெட்டி வாங்கும் ஏழையிடமிருந்துகூட வரியாக வாங்கியதுதான். அது அமானிதம். ஒப்படைத்தவர் கேட்காவிட்டாலும் கணக்குச் சொல்ல வேண்டியது பொறுப்பாளரின் கடமை. கேட்க வேண்டியது ஒப்படைத்தவரின் கடமை.

குற்றாலத்தின் சுமை

இங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தாண்டாத குற்றாலத்தைப் பாருங்கள். சின்னஞ்சிறு பேரூராட்சி. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி அங்கு குடியிருப்போர் மூவாயிரம் பேர்கூட இல்லை. ஆனால் ஜூனில் சாரல் விழத் தொடங்கினால் சீசன் முடிவதற்குள் லட்சக்கணக்கில் மக்கள் வந்து போகிறார்கள். மூவாயிரம் பேருக்கான சாக்கடையும் துப்புரவுப் பணியாளரும் அத்தனை பேருக்கு எப்படிப் போதும்?

பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது. பேரருவி பேரூராட்சி எல்லையில். பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சியில். அருவிக்கு மேலே காடு வனத்துறையிடம். அருவிக்கு வருகிறவருக்கு இந்த எல்லைக்கோடு தெரியுமா? தண்ணீருக்குத்தான் தெரியுமா? 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை இழுத்துச் சென்றது. விடுமுறைக்குக் குளிக்க வந்த பிள்ளை பிணமாகத் திரும்பினான். மேலே மழை பெய்தால் கீழே நிற்பவருக்கு உடனே தெரிய வேண்டும். அதற்கு ஆளும் கருவியும் வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் யாருடைய பட்ஜெட்டில், எந்தத் தலைப்பில் இருக்கிறது?

இது குற்றாலத்துக்காரர்களின் பிரச்சினை என்று ஒதுங்காதீர்கள். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு நம் ஊர் யானைப்பாலத்தைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. மேலே போடும் பிளாஸ்டிக்கும் ஷாம்பு பாக்கெட்டும் நம்மைத் தேடி வருகின்றன. நாம் விடும் சாக்கடை கீழே உள்ளவர்களைத் தேடிப் போகிறது. அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகம் முழுவதும் தடை வந்தது. தடை போடக் காகிதம் போதும். தடையை நிறைவேற்ற ஆளும் பணமும் வேண்டும்.

நம் ஆறு கொள்கைகள்

எனவே, நாம் முன்வைக்க வேண்டியவை இவை:

ஒன்று, கணக்கு வாசிப்பு. ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவும் செலவும் மக்கள் முன் வாசிக்கப்பட வேண்டும். வேலையின் பெயர், தொகை, ஒப்பந்தக்காரர், முடியும் தேதி ஆகியவற்றை அந்த வேலை நடக்கும் தெருவிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டு, பழுதுக்கு முதலிடம். இருப்பதைச் சரிசெய்த பிறகே புதியது. குடிநீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, கழிப்பறை, பிறகுதான் அலங்கார வளைவும் வண்ண விளக்கும்.

மூன்று, பின்தங்கிய தெருவே முதல் தெரு. நம் முஹல்லாவா, மற்றவர் தெருவா என்று பார்க்கக் கூடாது. எங்கே குழாய் இல்லையோ, எங்கே மழைநீர் வீட்டுக்குள் புகுகிறதோ அங்கே முதலில். நமக்கு மட்டும் கேட்டால் நம்மைச் சமுதாயச் சலுகை கேட்பவர்கள் என்பார்கள். ஊருக்கே கேட்டால் ஊரே நம்மோடு நிற்கும்.

நான்கு, சீசன் பணம் சீசனுக்கு. வாகன நிறுத்தக் கட்டணம், சீசன் கடை ஏலம் ஆகியவற்றில் வரும் தொகைக்குத் தனிக் கணக்கு வேண்டும். அதில் முதல் செலவு உயிர்க் காவலும் வெள்ள எச்சரிக்கையும். அடுத்தது, பெண்களுக்குப் போதுமான கழிப்பறையும் உடை மாற்றும் இடமும்.

ஐந்து, ஆற்றுக்கு ஒரே திட்டம். குற்றாலம், மேலகரம், இலஞ்சி, தென்காசி, ஆயிரப்பேரி எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து கழிவுநீருக்கும் குப்பைக்கும் திட்டமிட வேண்டும். நகரத்தின் திட்டத்தையும் கிராமத்தின் திட்டத்தையும் இணைக்கவே மாவட்டத் திட்டக் குழுவை அரசியல் சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது.

ஆறு, தூய்மைப் பணியாளரின் உரிமை. நாம் சுபுஹுக்கு எழும் நேரத்தில் நம் குப்பையை அள்ளுகிறவருக்குக் கையுறையும், குறித்த நாளில் சம்பளமும், வருங்கால வைப்புநிதியும் உறுதியாக வேண்டும். மனிதர் கழிவை மனிதரைக் கொண்டு அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. குறைந்த விலைக்கு டெண்டர் போனது என்று மகிழ்வதற்கு முன், எவருடைய கூலியில் அது குறைந்தது என்று பார்க்க வேண்டும்.

முடியுமா?

முடியும். ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, எதைச் செய்வது என்று மக்களைக் கூட்டிக் கேட்டார்கள். குறைகளும் இருந்தன. ஆனால் பட்ஜெட் என்றால் என்ன என்று சாதாரண மக்களுக்குத் தெரிந்தது.

ராஜஸ்தானில் 1994-இல் ஏழை உழைப்பாளிகள் சங்கமாகக் கூடி, கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலை செய்யாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது வெளியே வந்தது. அந்தக் குரல்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. இன்று பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்தால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். நகல் மட்டுமல்ல, நடந்த வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியை எடுக்கவும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. எம்-புக் என்று அலுவலகத்தில் சொல்லும் அளவுப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் நீளமும் அகலமும் உங்கள் தெருச் சாலையில் இருக்கிறதா என்று டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள்!

நம் வீட்டு வாசல்

கடைசியாக, கசப்பான ஒன்று. கணக்குக் கேட்கப் போகிறவன் கை சுத்தமாக இருக்க வேண்டும். வாய்க்கால் மேல் கட்டிய கடைப்படி யாருடையது? மழை நாளில் செப்டிக் டேங்கைச் சாக்கடையில் திறந்து விடுவது யார்? மாடி எடுத்த பிறகும் பழைய அளவுக்கே வரி கட்டுவது யார்? நம்மில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் உண்டு, சீசன் கடை போடுபவர்கள் உண்டு. குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-இலேயே விதி வந்துவிட்டதே, பிரித்தோமா? தனிக் கணக்கு, தனிக் கட்டுப்பாடு என்றால் முதலில் பாதிக்கப்படுவது நாம்தான் என்று சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. உண்மைதான். நமக்கும் வலிக்காத கொள்கையைக் கொண்டுபோனால் அதை யார் மதிப்பார்கள்?

ஆகவே நாம் முதலில் தீர்மானிப்போம். வரியை உரிய நாளில் முழுமையாகக் கட்டுவோம். படியை நாமே பின்னுக்கு இழுப்போம். பிறகு இந்த ஆறு கொள்கைகளையும் ஒரே தாளில் எழுதி, தெருவுக்குப் பத்துப் பேர் கையெழுத்திட்டு, பெண்களும் இளைஞர்களும் சேர்ந்து பகுதி சபையில் வாசிப்போம். பதிலை எழுத்தில் கேட்போம். எந்தக் கட்சி வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் அதே தாளை நீட்டி, "இதில் எதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள்?" என்று கேட்போம்.

பள்ளிவாசல் கணக்கில் நூறு ரூபாய்க்கு எழுந்து நின்றோமே, அந்தத் துணிவு போதும். அடுத்த பகுதி சபை எந்த நாளில் என்று நாளைக் காலையே நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தேதி குறிக்கவில்லை என்றால், குறிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.