விரதமும் நீரிழிவும்

(சொற்பொழிவின் உரை வடிவம்)



மலேசியத் தமிழர் இல்லங்களில் "இனிப்பு நீர்" என்று வழங்கப்படும் நீரிழிவு நோய், இந்நாட்டில் இந்தியரையே மிகுதியாகப் பற்றியுள்ளது. சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியரிடையே அவ்விழுக்காடு 31.4, அதாவது ஏறத்தாழ மூவருள் ஒருவர். நாடு முழுவதிலும் நோயுற்றோருள் ஏறக்குறையப் பாதிப் பேர், தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விழுக்காடு 15.6 ஆகக் குறைந்தபோதிலும், இந்தியர் நிலை கவலைக்குரியதாகவே இருந்தது.

பரம்பரை இயல்பு இதற்கு ஒரு காரணம். வாழ்க்கை மாறிய விதம் மற்றொன்று. தோட்டங்களில் பொழுது புலரும் முன் எழுந்து உழைத்த முன்னோருக்கு, உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. இன்று உழைப்பு குறைந்துவிட்டது. சோற்றின் அளவு குறையவில்லை. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடல் இணங்க மறுக்கிறது. இரத்தத்தில் தேங்கும் சர்க்கரை, கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்பு ஆகியவற்றை ஓசையின்றிக் கெடுக்கிறது.

ஆயினும் இதனைத் தலைவிதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் ஆ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நீரிழிவின் விளிம்பில் இருந்தோருள், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவிலும் நடையிலும் ஒழுங்கு மேற்கொள்ளத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. பிரிட்டனில் 2017ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், நோய் கண்டு ஆறாண்டுகளுக்கு உட்பட்டு, இன்சுலின் போடாதிருந்தவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் உடல் எடையைக் குறைத்தனர். ஓராண்டு முடிவில் அவர்களுள் நூற்றுக்கு 46 பேருக்கு மருந்தின்றியே சர்க்கரை கட்டுக்குள் நின்றது. எல்லார்க்கும் இது கைகூடும் என்பதில்லை. மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆகாது.

தண்ணீர்மலை முருகப்பெருமானுக்கு 48 நாள் விரதம் பூணும் பக்தர், நாவை அடக்கும் ஆற்றல் தமக்கு உண்டென்பதை ஆண்டுதோறும் மெய்ப்பிக்கிறார். அந்த ஆற்றலே நீரிழிவை ஆளும் கருவி. ஆனால் சைவ உணவெல்லாம் சர்க்கரையற்ற உணவன்று. புலால் விலக்கிய இலையில் வெள்ளைச் சோறும் பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் நிறைந்திருந்தால், இரத்தத்தில் சர்க்கரை ஏறவே செய்யும். ஹெச்.பி.ஏ.1.சி. என்னும் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. மருத்துவரைக் காணும் முன் இரண்டு நாள் பத்தியம் இருந்து அதனை ஏமாற்ற இயலாது.

விரதம் மேற்கொள்ளும் நோயாளிகள் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, இன்சுலினோ, கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால், சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அளவு 3.9க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகவேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். அப்போது விரதம் முறிந்ததே என வருந்துதல் வேண்டா. உயிர் காப்பதும் அறமே. விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கூறி, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி அமைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, பாதம். நரம்பு மரத்தவருக்குத் தார்ச்சாலையின் சூடும் தைத்த முள்ளும் தெரிவதில்லை. உணராத சிறு கொப்புளம் புண்ணாகிச் சீழ் பிடித்து, காலையே இழக்க நேர்வதுண்டு. அத்தகையோர் கோயில் வாயில்வரை காலணி அணிந்து நடப்பதும், படியேறி வந்த இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கொளியில் பார்ப்பதும் இன்றியமையாதன. தமக்குக் குனிய இயலாவிடில் பிள்ளைகள் பார்க்கட்டும்.

மற்ற நாட்களுக்குரிய ஒழுக்கம் எளிதே. தே தாரிக்கிற்குப் பதிலாக "தே ஓ கோசோங்" கேட்கலாம். நாசி கண்டார் கடையில் சோற்றைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டி, குழம்பைக் குறைக்கச் சொல்லலாம். தண்ணீர்மலைக்கு அருகே 1884இல் அமைந்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் அங்கு விரைந்து நடக்கலாம். அரசாங்கச் சுகாதார மருந்தகங்களில் குறைந்த கட்டணத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுபரிசோதனை செய்து சிகிச்சை தொடங்கவேண்டும்.

நோயை மறைப்பதில் பெருமை எதுவுமில்லை. குடும்பத்தாரிடம் மறைத்தவர் மயங்கி விழும்போது, அவருக்கு நீரிழிவு இருப்பதுகூட அருகிலிருப்பவருக்குத் தெரியாது. ஆகவே இல்லந்தோறும் முப்பது வயதைக் கடந்த அனைவரும் இவ்வாண்டே ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்து, தத்தம் அளவை அறிந்துகொள்வார்களாக. அறிந்தவர் அடுத்தவரையும் அழைத்துச் செல்வார்களாக. அனைவரும் நலமும் வளமும் பெற்று நீடு வாழ எல்லாம் வல்ல இறையருள் துணை நிற்பதாக!