ரிப்பேர் புத்தகம் யாருக்குச் சொந்தம்?

(பசுமலையில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழு நேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதை அடுத்து வரும் தோழர்கள் பேசுவார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் வேறு. வெளியே வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கின்றனவே உங்கள் மோட்டார் சைக்கிள்கள், அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். (சிரிப்பு)

சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, தோழர்களே! ஒரு காலத்தில் மில் சங்கு ஊதினால் தொழிலாளி கால்நடையாகவும் சைக்கிளிலும் வந்து சேர்ந்தான். இன்று வேலை ஒரு இடம், குடியிருப்பு ஒரு இடம். குறைந்த வாடகை தேடித் திருமங்கலம் பக்கமும் நாகமலை பக்கமும் போய்விட்டான். காலை ஷிப்டுக்கு 6 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு உங்கள் தெருவுக்குப் பஸ் வருகிறதா? விவசாயத் தொழிலாளியோ இன்று ஒரு கிராமத்தில் நடவு, நாளை பத்து மைல் தள்ளி அறுப்பு என்று அலைகிறான். தீவனக் கட்டும் உர மூட்டையும் மொபெட்டில்தான் போகின்றன.

ஆகவே மோட்டார் சைக்கிள் நமக்கு ஆடம்பரப் பொருள் அல்ல. மண்வெட்டியைப் போல அதுவும் பிழைப்புக்கான கருவி. கடன் வாங்கி, மாதம் தவறாமல் தவணை கட்டி வாங்கிய கருவி. அந்தக் கருவி பழுதானால் அதைச் சரி செய்யும் வழி யார் கையில் இருக்கிறது? இதுதான் கேள்வி.

ஒரு தோழருக்கு நேர்ந்தது

நமது விவசாயத் தொழிலாளர் தோழர் ஒருவர் விடியற்காலையில் கீரைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு திருமங்கலம் சந்தைக்குப் போனார். பாதி வழியில் வண்டியின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி திணறி நின்றது. தள்ளிக்கொண்டே ரோட்டோர மெக்கானிக்கிடம் போனார். அந்தத் தம்பி பார்த்துவிட்டு, “அண்ணே, இதுக்கு மிஷின் மாட்டிப் பார்க்கணும்ணே. என்கிட்ட இல்லை. கம்பெனி ஷோரூமுக்குத்தான் போகணும்” என்று சொல்லிவிட்டார்.

ஷோரூமில் இரண்டு நாள் வண்டி நின்றது. கீரை வாடியது. இரண்டு நாள் கூலியும் போயிற்று. மூன்றாம் நாள் பில் வந்தது. மிஷின் மாட்டிப் பார்த்ததற்கு ஒரு தொகை, வேலைக்கு ஒரு தொகை. தோழரும் நானும் அந்தப் பில்லை வைத்துக்கொண்டு என்னதான் கோளாறு என்று கேட்டோம். ஒரு சென்சாருக்குப் போகும் ஒயரின் முனையில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்ததாம். சுரண்டித் துடைத்து மாட்டினார்களாம். அவ்வளவுதான்!

அந்த ஒயர் எங்கே ஓடுகிறது என்ற படம் ஒன்று அவரிடம் இருந்திருந்தால், ஒரு துண்டு உப்புத்தாளோடு அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் காரியம் இது. அவர் பணம் கொடுத்தது வேலைக்கு அல்ல, தோழர்களே! மறைத்து வைக்கப்பட்ட விவரத்துக்கு!

இரண்டு புத்தகங்கள்

வண்டி வாங்கும்போது ஒரு சிறு புத்தகம் கொடுக்கிறார்கள். அதில் சாவியை எப்படித் திருப்புவது, டயரில் எவ்வளவு காற்று அடிப்பது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவது என்றெல்லாம் இருக்கும். அதற்கு மேல் சந்தேகம் வந்தால் அங்கீகாரம் பெற்ற டீலரை அணுகவும் என்று முடித்துவிடுவார்கள்.

இன்னொரு புத்தகம் உண்டு. அதுதான் சர்வீஸ் மானுவல். இது டீலரின் பட்டறைக்கு என்று எழுதப்படுவது. என்ஜினை எந்த வரிசையில் கழற்றுவது, டேப்பட்டில் எவ்வளவு இடைவெளி விடுவது, எந்த நட்டை எவ்வளவு முறுக்குவது, ஒயர்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதெல்லாம் இதில் இருக்கிறது.

இவை அற்ப விஷயங்கள் அல்ல. டேப்பட் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, சில வண்டிகளில் அதிலும் பாதி. கண்ணால் பார்த்து வைக்க முடியுமா? செயின் எவ்வளவு தொய்வாக இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். இறுக்கமாக வைத்தால் செயினும் பல்சக்கரமும் தேயும்; தொய்ந்தால் கழன்று விழும். ஆயில் வடிக்கும் போல்ட்டைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் அலுமினியத்தில் மரை போய்விடும். பத்து நிமிட வேலை பெரிய செலவில் முடியும்.

முன்பெல்லாம் புத்தகம் இல்லாமலே ஓரளவு சமாளித்தோம். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. பிளக்கைக் கழற்றித் துடைப்பதும் கார்புரேட்டரை ஊதி மாட்டுவதும் கிராமத்துப் பையன்களுக்கெல்லாம் கைவந்த கலை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தது. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டரும், அதை ஆட்டி வைக்கும் மின்னணுப் பெட்டியும், சென்சார்களும் வந்தன. புகை குறைய வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பே இல்லை. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் நாம்தானே! ஆனால் வண்டி மாறியபோது அதைப் பற்றிய அறிவும் மக்களுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அது வரவில்லை.

இந்த வேடிக்கையைப் பாருங்கள். சில வண்டிகளில் அந்த மஞ்சள் விளக்கே கோளாறை எண்ணிச் சொல்கிறது. நீளமாக ஒரு முறை மினுக்கினால் பத்து, குட்டையாக மினுக்கினால் ஒன்று. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் 12. எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் 12 என்றால் எந்த உறுப்பு என்ற பட்டியல் எங்கே? பூட்டிய அலமாரியில்! வண்டி நம்மிடம் பேசுகிறது. அதன் பாஷையை நமக்குச் சொல்லித்தர ஆளில்லை.

மில்லில் கற்ற பாடம்

பிட்டர் தோழர்களுக்கு இது புதிதல்ல. ரிங் பிரேமில் நூல் நம்பரை மாற்ற வேண்டுமானால் எந்தப் பல்சக்கரத்தை மாற்றுவது என்று கணக்கு இருக்கிறது. மிஷினோடு வந்த புத்தகத்தில் அந்தக் கணக்கு இருக்கும். புத்தகம் ஆபீஸ் அறையில் இருக்கும். மிஷினின் மூச்சு மாறினாலே கண்டுபிடித்துவிடும் தொழிலாளி, அந்த ஓர் எண்ணுக்காக மாஸ்டர் முன்னால் நிற்க வேண்டும். வேலை அவனுடையது, அறிவு ஆபீஸுடையது என்பது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம்.

மில்லில் மிஷின் முதலாளியுடையது. ஆனால் மோட்டார் சைக்கிள் உங்களுடையது! ஆர்.சி. புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. அப்படியும் அதைக் கழற்றி மாட்டும் வழியைக் கம்பெனி தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது. விற்ற பிறகும் வண்டியிலிருந்து லாபம் கறக்கிறது. நீங்கள் சொந்தக்காரரா, குத்தகைக்காரரா?

பாதுகாப்பு என்ற சாக்கு

கம்பெனிகள் ஒரு வாதம் சொல்கின்றன. தெரியாதவர்கள் கை வைத்தால் விபத்து வரும் என்கிறார்கள். இதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. பிரேக்கிலும் பெட்ரோல் குழாயிலும் அரைகுறையாகக் கை வைப்பது உயிருக்கு ஆபத்துதான்.

ஆனால் அந்த ஆபத்து எதனால் பெருகுகிறது? புத்தகம் இருப்பதாலா, இல்லாததாலா? ஷோரூமில் செலவழிக்கக் காசில்லாதவன் எப்படியும் வீட்டு வாசலில் ஸ்பேனரை எடுக்கத்தான் போகிறான். இந்த வேலையை நீயே செய்யலாம், இதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடு என்று பிரித்துச் சொல்லும் புத்தகம்தான் அவன் உயிரைக் காக்கும்.

சர்க்கார் என்ன செய்தது?

2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கார் கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கம்பெனிகள் கொடுப்பதில்லை என்பது புகார். 2014 ஆகஸ்டில் ஆணையம் தீர்ப்பளித்தது. மாருதி, டாட்டா, மகிந்திரா உட்பட 14 கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம்! பாகங்களும் கருவிகளும் வெளியில் கிடைக்க வேண்டும், வெளிப் பட்டறைக்குப் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்றும் சொன்னது. ஏகபோகக் கம்பெனிகள் உடனே அப்பீலுக்கு ஓடின. ஆண்டுகள் கடந்தன. மோட்டார் சைக்கிள் கம்பெனிகளோ அந்த வழக்கிலேயே இல்லை.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, ரிப்பேர் செய்யும் உரிமைக்காக ஒரு கமிட்டி அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ல் ஓர் இணையதளத்தையும் திறந்து வைத்தார்கள். விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாமான்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கம்பெனிகள் விரும்பினால் விவரம் கொடுக்கலாம் என்பதுதான் அதன் லட்சணம். கொடுத்தே தீர வேண்டும் என்று தனிச் சட்டம் இல்லை. ஓநாயிடம் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள் என்று கேட்டுக்கொள்வது போல அல்லவா இது?

சட்டம் போட முடியாதா? முடியும்! ஐரோப்பிய யூனியன் 2013-ல் போட்ட 168-ஆம் எண் விதி இரு சக்கர வண்டிகளுக்கும் உரியது. நியாயமான கட்டணத்தில் ரிப்பேர் விவரங்களை வெளிப் பட்டறைகளுக்கும் கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. அங்கே வண்டி விற்கும் எந்தக் கம்பெனிக்கும், அது இந்தியக் கம்பெனியானாலும், இந்தக் கட்டாயம் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநில விவசாயிகள் தங்கள் டிராக்டரைத் தாங்களே ரிப்பேர் செய்ய முடியாமல் தவித்தார்கள். போராடி 2023-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். முதலாளித்துவ நாடுகளிலேயே மக்கள் நெருக்கினால் இது நடக்கிறது. இங்கே ஏன் நடக்காது?

மெக்கானிக் நமக்கு எதிரியா?

ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: “எல்லோரும் வீட்டிலேயே ரிப்பேர் செய்தால் ரோட்டோர மெக்கானிக் என்ன ஆவார்?” நியாயமான கேள்வி. அவரும் உழைப்பாளிதான். ஆனால் அவர் வயிற்றில் அடிப்பது செயினுக்கு எண்ணெய் போடும் நீங்களா? இல்லை. மிஷினையும் மானுவலையும் அவருக்குக் கொடுக்க மறுக்கும் கம்பெனியே! திருமங்கலம் ரோட்டில் அன்று கீரைக்காரத் தோழரைத் திருப்பி அனுப்பியபோது அந்தத் தம்பியும் வருமானத்தை இழந்தார். நம் கோரிக்கையும் அவர் கோரிக்கையும் ஒன்றே.

என்ன செய்வோம்?

நமது கோரிக்கைகள் நான்கு.

1. விற்கப்படும் ஒவ்வொரு வண்டிக்கும் முழு சர்வீஸ் மானுவலும் ஒயரிங் படமும் கோளாறு எண் பட்டியலும் தமிழில், இலவசமாக வெளியிடப்பட வேண்டும்.

2. உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கு நியாய விலையில் கிடைக்க வேண்டும்.

3. சொந்தமாகப் பராமரித்தான் என்பதற்காக வாரண்டியை மறுக்கக் கூடாது.

4. இவை அனைத்தையும் கட்டாயமாக்கும் சட்டம் வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஹேன்ஸ் என்பவர் ஒரு காரை அக்கக்காகக் கழற்றி, போட்டோ எடுத்து, திரும்ப மாட்டி, 1966-ல் ஒரு ரிப்பேர் புத்தகம் வெளியிட்டார். பிறகு அந்த வரிசையில் கோடிக்கணக்கான புத்தகங்கள் விற்றன. அவர் நடத்தியது வியாபாரம்தான். ஆனால் வழியைக் கவனியுங்கள். கம்பெனியின் அலமாரி திறக்கும் வரை காத்திருக்கவில்லை. கையால் கழற்றிக் கண்டதை எழுதினார். நம்மால் முடியாதா? நம்மிடம் பிட்டர்கள் இல்லையா? எழுதத் தெரிந்த வாலிபர்கள் இல்லையா?

வரும் ஞாயிறு காலை சங்க ஆபீஸ் வாசலில் வகுப்பு ஆரம்பம். ஆயில் மாற்றுவது, செயின், பிளக், ஏர் பில்ட்டர் ஆகிய நான்கு வேலைகள். மெக்கானிக் தம்பியும் வருகிறார். அவருக்குரிய கூலியைச் சங்கம் கொடுக்கும். ஒருவர் கழற்ற, ஒருவர் அளக்க, ஒருவர் நோட்டில் எழுதட்டும். பெண் தோழர்களும் வர வேண்டும். வண்டி ஓட்டுகிற கை ஸ்பேனரும் பிடிக்கலாம். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ தென்கால் கண்மாயிலோ ஊற்றாதீர்கள். டின்னில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். அது நம் தண்ணீர், தோழர்களே!

மோட்டார் சைக்கிளைச் செய்தவன் தொழிலாளி. அதை ஓட்டுகிறவன் தொழிலாளி. இடையில் புத்தகத்தை மட்டும் முதலாளி பூட்டி வைப்பதா? அந்தப் பூட்டை ஒற்றுமையால் திறப்போம்!

(நீண்ட கைதட்டல்)