செல்வமும் செந்நெறியும்



தீவகத்தார்க்கு வணிகம் புதிதன்று. புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலுமிருந்து புறப்பட்ட நம் முன்னோர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்து வாழ்ந்தனர். நம் தலைமுறையோ இலண்டனையும் ரொறன்ரோவையும் நோக்கி நிற்கிறது. ஆகவே, கடல் கடந்து சென்று பெருந்தனம் ஈட்டிய ஒரு தமிழரின் சரித்திரத்தை இன்று ஆராய்வோம். அவர் ராஜ் ராஜரத்தினம்.

1957இல் கொழும்பிலே பிறந்த இவர், இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றார். பின்பு அமெரிக்கா சென்று, 1983இல் வார்ட்டன் கல்லூரியில் வணிக நிர்வாக முதுமாணிப் பட்டம் பெற்றார். 1985இல் நீடம் என்னும் முதலீட்டு நிறுவனத்திற் சேர்ந்து, 1991இல் அதன் தலைவரானார். 1997இல் நியூயோர்க்கிலே கலியொன் என்னும் நிதியத்தைத் தொடக்கினார். கலியொன் என்பது முற்காலத்துப் பெரும் பாய்க்கப்பலின் பெயர். பிறர் பணத்தைப் பெற்றுப் பங்குகளில் இட்டுப் பெருக்கிக் கொடுப்பதே அதன் தொழில். உச்சநிலையில் ஏறக்குறைய 700 கோடி டொலர் அதன் பொறுப்பில் இருந்தது. குடியேறி வந்த ஒருவர் இத்துணை உயர்ந்தது கல்வியின் பயன், உழைப்பின் பயன். இதனை நாம் மறுக்கவில்லை.

நிற்க. 2009 ஒக்டோபரில் அவர் கைதானார். கம்பனிகளின் உள்ளிருப்போர் வெளியிடாத இரகசியங்களைப் பெற்றுப் பங்கு வாங்கி விற்றார் என்பது வழக்கு. தொலைபேசி உரையாடல்களின் ஒலிப்பதிவுகள் சாட்சியமாயின. 2011 மே மாதத்தில் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. 11 ஆண்டுச் சிறையும் 1 கோடி டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 2021இல் வெளியிட்ட நூலில் தமக்கு அநீதி இழைக்கப்பட்டதென்றே அவர் வாதிட்டார். தீர்ப்போ மாறவில்லை.

'இதனால் யாருக்கு நட்டம்?' என்று கேட்போர் நம்மிடையே உளர். 2008 செப்டெம்பர் 23ஆம் நாள் கோல்ட்மன் சாக்ஸ் வங்கிக்கு 500 கோடி டொலர் முதலீடு வருவதை அதன் பணிப்பாளர் சபை அறிந்தது. அச்சபையிலிருந்த ரஜத் குப்தா உடனே ராஜரத்தினத்தை அழைத்தார். சந்தை மூடுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் கலியொன் அவ்வங்கியின் பங்குகளை வாங்கியது. குப்தாவும் இதற்காக 2012இல் தண்டிக்கப்பட்டார். அந்த நிமிடத்தில் அப்பங்குகளை விற்றவன் யார்? செய்தி அறியாத யாரோ ஒருவன். நட்டம் அவனுடையது. அவன் முகம் தெரியாமையால் பாவம் இல்லாமற் போய்விடுமா?

'2004 ஆழிப்பேரலையின் பின் இலங்கைக்கு வாரி வழங்கினாரே' என்பர் சிலர். மெய்தான். அக்கொடையை நன்றியோடு நினைப்போம். ஆயினும் கொடை வேறு, ஈட்டும் நெறி வேறு. ஒன்று மற்றொன்றின் கணக்கைத் தீர்க்காது. பிறர் பொருளையும் தம்பொருள்போற் பேணுவதே வணிகர்க்கு வணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் விதித்தார். பிறர் நம்பி ஒப்படைத்த இரகசியமும் பிறர் பொருளே.

இப்பாடம் நியூயோர்க்கிற்கு மாத்திரம் உரியதன்று. சீட்டுப் பிடிப்பவர், கோயிற் பொருளாளர், கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞர், கேள்விப்பத்திரத்தின் தொகையை முன்னரே அறிந்த உத்தியோகத்தர் ஆகிய எல்லோர் கையிலும் பிறர் அறியாத ஒரு செய்தி உண்டு. அதனைத் தமக்கும் தம் மைத்துனர்க்கும் பயன்படுத்துவதை நாம் 'கெட்டித்தனம்' என்று மெச்சுகிறோம். அந்த மெச்சுதலிலேதான் கேடு முளைக்கிறது.

பெரியோர்களே, வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது, 'எவ்வளவு?' என்று மாத்திரம் கேளாது, 'எவ்வாறு?' என்றும் எம்மைக் கேளுங்கள். இளைஞர்களே, அக்கேள்விக்குக் கூசாமல் விடைகூறக்கூடிய செல்வத்தையே தேடுவோமாக.