நரி முகத்தில் விழிக்க வேண்டுமானால்



நினைத்த காரியம் சட்டென்று கைகூடிவிட்டால், "இன்னைக்கு நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்பது நம் பக்கத்து வழக்கம். கேட்கிறோமே தவிர, நரியை நேரில் பார்த்த பிள்ளைகள் இன்று மிகவும் குறைவு. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முந்திரித் தோப்பிலிருந்து ஊளை கிளம்பும் என்பார்கள். முதலில் ஒன்று குரல் கொடுக்கும். அதன் ஜோடி சேர்ந்துகொள்ளும். சற்றுத் தள்ளி இன்னொரு குடும்பம் பதில் சொல்லும்.

நரி நாய்க் குடும்பத்து விலங்கு. எடை ஏறக்குறைய 10 கிலோ. ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழ்ந்து குட்டிகளைச் சேர்ந்தே வளர்க்கும். கடலூர் மாவட்டத்தில் அதற்கு ஏற்ற இடங்கள் பல உண்டு. செம்மண் பூமியில் முந்திரி, கடலோரத்தில் சவுக்கு, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு, கிள்ளைக்கு அந்தப் பக்கம் பிச்சாவரம். வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே உள்ள இந்த அலையாத்திக் காட்டில் சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் வளர்கின்றன. நீர் வற்றும் நேரத்தில் சேறு வெளியே தெரியும். அலையாத்திக் காட்டு நரி அப்போது வேர்களுக்கு இடையே மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வரும். நண்டு வளையைக் காலால் பறிக்கும். கொடுக்கில் கடிபடாமல் நண்டை வாயில் கவ்வி ஓட்டோடு கடித்துத் தின்னும். வயல்வெளி நரிக்கு முக்கிய இரை எலி. காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல் விளைவிப்பவர்களுக்கு எலியின் சேதம் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிதம்பரத்துக்காரர்களுக்கு நரியோடு வேறொரு உறவும் உண்டு. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டார் மாணிக்கவாசகர். அவருக்காக இறைவன் நரிகளையே பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தான் என்பது திருவிளையாடல். அந்த மாணிக்கவாசகர் இறைவனோடு கலந்தது தில்லை என்கிற சிதம்பரத்தில்தான்.

இனி வேட்டைக்கு வருகிறேன். நரி வேட்டை நமக்குப் புதிது அல்ல. நரிக்குறவர்கள் நரியைப் போலவே ஊளையிட்டு அதை வரவழைத்து, வலையில் பிடித்தவர்கள். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் தெரிந்துகொண்டு கால்நடையாகப் போய்ப் பிடித்தார்கள். பிழைப்புக்கு வேறு வழி விடப்படாத மக்கள் அவர்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்ததே 2022 டிசம்பரில்தான். நரி அருகிப்போனதற்கு அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால் வேட்டையின் முறையே மாறிவிட்டது. சவுக்கு சில ஆண்டுகளில் வெட்டுக்கு வரும் மரம். வெட்டிய கட்டையை ஏற்ற லாரி வர வேண்டும், லாரி வரத் தடம் வேண்டும். அந்தத் தடத்தில் ராத்திரி மோட்டார் சைக்கிளும் போகும். தலையில் கட்டிய டார்ச் வெளிச்சம் பட்டதும் நரியின் கண் பளபளக்கும். வெளிச்சத்தில் கூசி அது நின்றுவிட்டால் தீர்ந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கயோட்டி என்று நரிக்கு நெருங்கிய உறவான ஒரு விலங்கு உண்டு. மரக் கம்பெனிகள் காட்டுக்குள் போட்ட சாலைகளில் வண்டியில் போய், முயலின் அலறலை ஒலிபெருக்கியில் போட்டு அதை வரவழைத்துச் சுடுகிறார்கள். ஆண்டுக்குப் பல்லாயிரம் கொல்லப்பட்டும் கயோட்டி அந்தக் கண்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. நம் நரியும் அப்படித் தாக்குப்பிடிக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. அதற்கு ஒதுங்க இங்கே அவ்வளவு இடம் இல்லை. இருக்கிற இடமும் நிலையானது அல்ல. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் சாய்த்த முந்திரித் தோப்புகளை நாம் பார்த்தோமே.

இன்னும் கொடுமையானது, இறைச்சிக்குள் நாட்டு வெடியை வைப்பது. 2020 ஜூன் மாதம் திருச்சி ஜீயபுரம் பக்கத்தில் ஒரு நரி இப்படித்தான் வாய் சிதறிச் செத்தது. 12 பேர் கைதானார்கள். வெடி வைத்த இறைச்சிக்கு நரி எது, ஆடு மேய்க்கிறவரின் நாய் எது என்று தெரியாது.

இவ்வளவும் எதற்காக? பெரும்பாலும் இறைச்சிக்கும், பல்லுக்கும், நரிக்கொம்புக்கும். வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்று கொம்பை விற்கிறார்கள். உண்மையில் அது தோலையும் மயிரையும் சேர்த்துக் கட்டிய உருண்டை. அதனால் பணம் சேர்வது விற்கிறவருக்கு மட்டும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. அப்போதுகூட மோட்டார் வண்டியில் இருந்து வேட்டையாடக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். 1991 திருத்தத்தோடு அந்த உரிமமும் போயிற்று. 2022 திருத்தம் நரியை முதல் அட்டவணைக்கு, அதாவது புலியும் யானையும் இருக்கிற அட்டவணைக்குக் கொண்டுவந்தது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வேட்டைக்குப் போன வண்டியைப் பறிமுதல் செய்வார்கள். குற்றம் உறுதியானால் அது அரசுச் சொத்து. தவணை கட்டி வாங்கிய பைக்கை ஒரு நரிக்காக இழக்கத் தயாரா என்று வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுவையுங்கள்.

விவசாயிகளின் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. நரி கோழியைத் தூக்கும், ஆட்டுக்குட்டியைக் கடிக்கும், கரும்பைக் கடித்துப் போடும். கோழியை இருட்டுவதற்குள் கூண்டில் அடையுங்கள். குட்டி ஆடுகளைப் பட்டியில் அடைத்துப் படலைச் சாத்துங்கள். செத்த கோழியையும் ஆட்டையும் தோப்பில் வீசாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். நரி பகலில் தள்ளாடி வந்தால் அதற்கு வெறிநோய் இருக்கலாம். கிட்டே போகாதீர்கள்.

உங்கள் சவுக்குத் தோப்பிலோ முந்திரித் தோப்பிலோ ராத்திரியில் டார்ச் வெளிச்சமும் நாய்களுமாக ஆட்கள் வந்தால், நீங்களே போய் மல்லுக்கு நிற்க வேண்டாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே சொல்லுங்கள். மரம் வெட்டாத நாட்களில் தோப்புக்குள் போகும் லாரித் தடத்தின் வாயில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டுப் பூட்டி வையுங்கள்.